சீனாக்காரன் ஆகிப்போன ஆற்றங்கரைக்காரன்

பொதிகை மலைப்பக்கம் மூலிகை தேடியவர்களுக்கு ஒரு குறுக்குவழி தெரிந்திருந்தது. இரும்பையே அறுக்கும் வேர் ஒன்று மலையில் உண்டு. ஆனால் அது மனிதக் கண்ணில் படாது. ஒரே ஒரு பறவைக்குத்தான் அதன் இருப்பிடம் தெரியும். ஆகவே வேரைத் தேடி அலைவதைவிட அந்தப் பறவையின் கூட்டைத் தேடுவதுதான் லாபம். கூட்டைக் கண்டதும், பெரிய பறவைகள் இல்லாத நேரம் பார்த்துக் குஞ்சின் காலில் இரும்புக் கம்பியைச் சுற்றிவிட்டு வந்துவிட வேண்டும். இரையோடு திரும்பும் பறவை பதறிப்போய், எங்கிருந்தோ அந்த வேரைக் கொண்டுவந்து வைக்கும். கம்பி பட்டென்று தெறிக்கும். பிறகு கூட்டைப் பெயர்த்து ஆற்றில் விட்டால் சுள்ளியெல்லாம் தண்ணீர் போன போக்கில் போக, ஒரே ஒரு துண்டு மட்டும் நீரை எதிர்த்து மேலே ஏறும். அதுதான் சஞ்சீவி வேர். நீலக்கொடிவேலி என்றும் சொன்னார்கள்.

மலைக்கு மேற்கே கேரளத்திலும் இந்தக் கதை அச்சுப் பிசகாமல் நடமாடியது. ஆற்றோடு எத்தனை கூடுகள் போயினவோ! எதிர்த்து வந்த துண்டைக் கையில் பிடித்தவர் இன்னார் என்று ஒரு பெயர்கூட நிலைக்கவில்லை. நிலைத்தது பறவையின் கீர்த்தி மட்டும்தான். பறவைக்கு ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தது. ஊருக்கு வெளியே, புத்தகம் எழுதும் உலகத்தில்தான் இல்லை. அந்தப் பெயர் பிறப்பதற்கு, பல ஆயிரம் மைல் தள்ளி ஆப்பிரிக்கக் கரையோரம் ஒரு கப்பல் வெடித்துச் சிதற வேண்டியிருந்தது.

1781. பிரான்சுவா லெவையான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் வந்து இறங்கியிருந்தார். தென் அமெரிக்காவின் சூரினாமில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே பறவைப் பித்து. டச்சுக் கம்பெனியின் தயவில் வந்திருந்த அவருடைய உடைமைகள் எல்லாம் சல்தான்யா விரிகுடாவில் நின்ற மிடில்பர்க் என்ற கப்பலில் இருந்தன. ஒருநாள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையில் வேட்டைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் விரிகுடாவுக்குள் நுழைந்தன. மிடில்பர்க் தீப்பிடித்து வெடித்தது. லெவையான் திரும்பி வந்து பார்த்தபோது மிஞ்சியவை கையிலிருந்த துப்பாக்கி, உடுத்தியிருந்த உடை, பையில் கொஞ்சம் காசு. வேறு யாராவது என்றால் அடுத்த கப்பலில் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். லெவையானோ காட்டுக்குள் நடக்கத் தொடங்கினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1784-இல் ஐரோப்பா திரும்பியவரிடம் பாடம் செய்த பறவைகள் 2,000-க்கும் மேல் இருந்தன. அவற்றை வைத்து ஆப்பிரிக்கப் பறவைகளைப் பற்றிப் படங்களோடு பல தொகுதிகள் எழுதினார். மனிதருக்கு ஒரு பிடிவாதம். லின்னேயஸ் வகுத்துக் கொடுத்த லத்தீன் இரட்டைப் பெயர் முறை அவருக்கு அறவே பிடிக்காது. எல்லாவற்றுக்கும் பிரெஞ்சிலேயே சொந்தமாகப் பெயர் வைப்பார். அப்படி வைத்துக்கொண்டே வந்தவரை ஒரு கூட்டம் பறவைகள் நிறுத்திவிட்டன.

உடம்பைப் பார்த்தால் குயில் சாதி. கால் விரல்களும் குயிலுக்கு உள்ளபடியே இரண்டு முன்னால், இரண்டு பின்னால். ஆனால் பின் விரல் ஒன்றில் நீண்டு நேராக, ஆணி மாதிரி ஒரு நகம். அப்படிப்பட்ட நகம் வானம்பாடிக்குத்தான் உண்டு. வானம்பாடி தரையில் நடமாடும் பறவை. குயிலுக்கோ மரக்கிளையை விட்டு இறங்க மனம் வராது. குயிலின் உடம்பில் தரையில் நடப்பவனின் நகம் எப்படி வந்தது? லெவையான் யோசித்துப் பார்த்துவிட்டு, பிரெஞ்சில் குயிலைக் குறிக்கும் ‘குக்கூ’, வானம்பாடியைக் குறிக்கும் ‘அலுவெட்’ இரண்டையும் வெட்டி ஒட்டி, ‘குக்கால்’ என்று ஒரு சொல்லைப் பிறப்பித்தார் என்பது அகராதிக்காரர்கள் தரும் விளக்கம். ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். ஆக, பொதிகையடியில் நடமாடிய அந்தப் பறவையின் ஆங்கிலக் குலப்பெயர், பொதிகையைக் கண்ணாலும் காணாத ஒருவரின் மேஜையில், பாதிக் குயிலும் பாதி வானம்பாடியுமாகப் பிறந்துவிட்டது. அது மேஜையில் வைத்த பெயர்தான். ஞானஸ்நானம் இன்னும் பாக்கி இருந்தது.

ஞானஸ்நானம் பெர்லினில் நடந்தது. அங்கே புதிதாக அமைந்த விலங்கியல் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தவர் இல்லிகர். உடல்நலம் சரியில்லாத மனிதர். 1813-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1811-இல், விலங்குகளையும் பறவைகளையும் வகைப்படுத்தி அவர் எழுதிய நூலில் இந்தப் பறவைகளைத் தனிப் பேரினமாகப் பிரித்து, கிரேக்கத்திலிருந்து ‘சென்ட்ரோபஸ்’ என்று பெயர் சூட்டினார். முள்கால் என்று பொருள். அந்த நகத்தைத்தான் அவரும் பிடித்துக்கொண்டார். பேரினத்துக்குப் பெயர் கிடைத்தாயிற்று. இரட்டைப் பெயரில் இரண்டாவது பாதிதான் மீதி. அந்தப் பாதியை எழுதப்போகிறவர் பறவைக்காரரே இல்லை.

அவர் லண்டனில் கடற்படை அலுவலகத்துக் குமாஸ்தா. ஜேம்ஸ் பிரான்சிஸ் ஸ்டீபன்ஸ் என்று பெயர். பகலில் கோப்பு, மற்ற நேரமெல்லாம் பூச்சி. பூச்சியியலில்தான் பின்னாளில் பேர் வாங்கினார். அப்போது ஜார்ஜ் ஷா என்பவர் ‘பொது விலங்கியல்’ என்று ஒரு பெரிய நூல்வரிசையைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு 1813-இல் காலமானார். அரைகுறையாக நின்ற பறவைத் தொகுதிகளை எழுதி முடிக்கும் வேலை ஸ்டீபன்ஸ் தலையில் விழுந்தது. 1815-இல் வந்த தொகுதியில் இந்தப் பறவைக்கு ஒரு பெயர் எழுத வேண்டி வந்தபோது, அவர் கைக்குக் கிடைத்த விவரம் சீனத்துப் பறவையைப் பற்றியது. சீனத்தைச் சேர்ந்தது என்று பொருள்பட ‘சினென்சிஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த பறவைக்குப் போய்விட்டார்.

இல்லிகரின் பெயரில் ‘செஞ்சிறகன்’ என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் பெயரும் வெகுகாலம் வழக்கில் இருந்தது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து இந்தியப் பறவைகளை எழுதிய ஜெர்டன்கூட 1860-களில் அதைத்தான் கையாண்டார். பறவையைப் பார்த்த எவருக்கும் அதுதான் பொருத்தமாகப் படும். ஆனால் பெயர் வைக்கும் சட்டத்தில் பொருத்தத்துக்கு இடமில்லை, முந்திக்கொண்டதற்குத்தான் இடம். இந்தியா, இலங்கை, பர்மா, இந்தோனேசியா என்று பரந்து கிடந்த பறவைக்குக் கடைசியில் சீனப் பட்டயமே நிலைத்தது. புத்தகத்தில் அதைச் சீனாக்காரன் ஆக்கியாயிற்று. அதற்குள், புத்தகம் படிக்காத ஒரு கூட்டம் இந்தியாவில் அதற்கு இன்னொரு பெயரைத் துப்பாக்கி முனையில் தயார் செய்துகொண்டிருந்தது.

கும்பினிப் படைக்கு நாடெங்கும் முகாம்கள் இருந்தன. திருநெல்வேலிச் சீமைக்குப் பாளையங்கோட்டை. கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய இளம் துரைகளைப் பழைய துரைகள் ‘கிரிஃபின்’ என்று கேலி செய்வார்கள். கிரிஃபின்களுக்கு வெயில் தெரியாது, மிளகாய் தெரியாது, பறவையும் தெரியாது. விடிகாலையில் துப்பாக்கியோடு வயல்வெளிக்குப் போனால், வரப்பில் ஒன்று நடந்து போகும். காக்கையைவிடப் பெரிதாக, அலகிலிருந்து வால் நுனிவரை ஒன்றரை அடிக்கு மேல் நீளம். பளபளக்கும் கறுப்பு உடம்பு, செங்கல் நிறச் சிறகு, தரையில் இழுபடும் கனத்த வால். ஆளைக் கண்டதும் பறக்காது. கௌரவமாக நடையைக் கூட்டிப் புதருக்குள் நுழையும். ஐரோப்பாவில் பணக்காரர் வீட்டு விருந்துகளில் பரிமாறப்படும் ஃபெசன்ட் கோழியும் அப்படித்தான் நடக்கும், அப்படித்தான் வாலை இழுக்கும். இந்தியாவில் ஃபெசன்ட் இப்படி வரப்புக்கு வரப்பு இலவசமாகத் திரிகிறதே என்று கிரிஃபினுக்குத் தலைகால் புரியாது. சுட்டான், முகாமுக்குக் கொண்டு வந்தான், சமையற்காரனிடம் கொடுத்தான், நாப்கினை விரித்து உட்கார்ந்தான்.

முதல் வாயோடு சரி. அந்தக் கறியின் நாற்றமும் கசப்பும் முகாமுக்கே வேடிக்கையாகிவிடும். பழைய துரைகளெல்லாம் ஒரு காலத்தில் அதே பறவையைச் சுட்டு, அதே முதல் வாயோடு எழுந்தவர்கள். அதனால் முன்கூட்டி எவரும் எச்சரிப்பதில்லை. ‘கிரிஃபினின் ஃபெசன்ட்’ என்ற கேலிப்பெயர் இப்படி வந்ததுதான். கொஞ்சம் மரியாதையான பெயர் ‘காக்கை ஃபெசன்ட்’: காக்கை மாதிரி கறுப்பு, ஃபெசன்ட் மாதிரி வால். அது காக்கையும் இல்லை, ஃபெசன்ட்டும் இல்லை என்பது பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பிலேயே உட்கார்ந்திருந்தது. துரைமார்கள் துப்பிய அதே கறியை உள்ளூரில் நெஞ்சுச்சளிக்கும் நுரையீரல் நோய்க்கும் மருந்தென்று விழுங்கினார்கள் என்பது தனிக் கூத்து. கசந்தால் மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையோ என்னவோ.

1886-இல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்திய அகராதி வந்தது. தொகுத்தவர்களில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் அச்சாவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இறந்துபோனார். அந்த அகராதி காக்கை ஃபெசன்ட்டுக்கு ஓர் இடம் கொடுத்தது. கொஞ்சம் மட்டமான பறவை என்ற தொனியில் அறிமுகப்படுத்திவிட்டு, இந்தியர்கள் இதை வைத்துச் சகுனம் பார்ப்பதையும் குறித்துக்கொண்டது. சமவெளி முழுக்க நடந்து திரிந்த பறவை அகராதிக்குள்ளும் வந்துவிட்டது, அவமானத்தோடு. இன்னும் ஒரு பெயர் மிச்சம் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் குழப்பமானது.

எர்வின் ஷ்ட்ரெஸமான் 1913-இல் இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஜெர்மானிய இளைஞர். இந்தோனேசியத் தீவுகளுக்கு ஓர் ஆய்வுப் பயணம் போய்த் திரும்பி, கொண்டுவந்த பறவைகளை மற்ற இடத்துப் பறவைகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். தென்னிந்தியப் பறவை வட இந்தியாவிலும் சீனாவிலும் உள்ளவற்றிலிருந்து சற்றே மாறுபடுவது அவர் கண்ணில் பட்டது. தனி உள்ளினம் என்று பிரித்தார். பிரித்தால் பெயர் வைத்தாக வேண்டும். இரண்டு ஆண்டுகள் முன்பு மறைந்த ஒரு மருத்துவரை, பவேரியாவின் பறவையியல் சங்கத்தை நிறுவியவரை, நினைத்துக்கொண்டார். அவர் பெயரைச் சூட்டினார். மருத்துவரின் பெயர் கார்ல் பாரட். லத்தீனில் ‘பாரோட்டி’ ஆயிற்று. அன்றுமுதல் இந்தப் பெயரை ஆங்கிலக் கண்ணால் படிக்கிறவர்களுக்குக் கிளியின் ஞாபகம் வருவதைத் தடுக்க முடிந்ததில்லை. இதே ஷ்ட்ரெஸமான்தான் பின்னாளில் பெர்லின் அருங்காட்சியகத்தின் பறவைப் பகுதிக்குத் தலைவரானார்; நூறு ஆண்டுகளுக்கு முன் இல்லிகர் முள்கால் என்று எழுதிய அதே இடம்.

ஆக, 1913 முடிவதற்குள் வானம்பாடியில் பாதி, முள்கால், சீனன், காக்கை, ஃபெசன்ட், கேட்டால் கிளி என்று அரை டஜன் அடையாளங்கள் ஒரே முதுகில் ஏறியிருந்தன. அவ்வளவையும் சுமந்துகொண்டு அது பாபநாசத்திலிருந்து சீவைகுண்டம்வரை ஆற்றங்கரையோரம் வாழைத் தோப்பிலும், நாணல் புதரிலும், உடைமரத்தடியிலும், வாய்க்கால் கரையிலும் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. காலையில் புதரின் உச்சியில் ஏறிச் சிறகை விரித்து வெயில் காய்ந்தது. குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல ‘ஊப் ஊப் ஊப்’ என்று அடிவயிற்றுக் குரலில் கூப்பிட்டது. எங்கிருந்தோ ஜோடி பதில் கொடுத்தது. பதிலில் தடித்த குரல் பெண்ணுடையது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செம்போத்துதானே!

செம்போத்து. செண்பகம் என்பார்கள் சிலர். ஈழத்திலும் அதே செண்பகம்தான். மலையாளத்தில் உப்பன், செம்போத்து. நிகண்டுகள் எழுதியவர்கள் குக்கில் என்றார்கள். குரலைக் கேட்டு வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். வங்காளத்தில் கேட்டவர்களுக்கும் அது ‘குபோ’ என்றுதான் காதில் விழுந்தது. சிங்களவர் அட்டிக்குக்குளா என்று அதைச் சேவல் ஆக்கினார்கள். தெலுங்கில் ஜெமுடு காக்கி, அதாவது கள்ளிக் காக்கை. காக்கை என்று ஏமாந்தது துரைமார் மட்டுமல்ல என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

கன்னடத்தில் இதற்குக் கெம்பூத என்று பெயர். செம்பூத்து என்றும் தமிழில் ஒரு வழக்கு உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று தெரிந்துவிடும். தமிழில் செவி கன்னடத்தில் கிவி. அங்கே ககரம், இங்கே சகரம். இந்த ஒலிமாற்றத்தையெல்லாம் வரிசைப்படுத்தித் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல், திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில்தான் வாழ்ந்தார். அதே சீமையின் கன்னடியன் கால்வாய்க் கரையில் கெம்பூதவும் செம்போத்தும் ஒன்றாக நடப்பதில் தப்பேதும் இல்லை.

‘செம்’ சிறகின் நிறம். அதில் சிக்கல் இல்லை. ‘போத்து’தான் சுவாரசியம். புலி, மான், எருமை போன்றவற்றின் ஆணைப் போத்து என்று சொல்லலாம் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. மயிலின் ஆணுக்கும் அந்தப் பெயரை அனுமதித்தது. செம்போத்தைச் சிவந்த ஆண் என்று வாசித்தால் என்ன? இலக்கணக்காரர்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் அந்த வாசிப்புக்கு எதிர்பாராத ஒரு சாட்சி, ஆற்றுப் பக்கத்திலிருந்து அல்ல, கடற்கரையிலிருந்து வந்தது.

கோடியக்கரையின் முட்புதர்க் காட்டில் வி. நடராஜன் என்ற ஆய்வாளர் செம்போத்துகளின் பின்னாலேயே அலைந்தார். எப்போது விழிக்கிறது, எங்கே அடைகிறது, என்ன தின்கிறது, எப்படிக் குஞ்சு பொரிக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி, 1993 தொடங்கிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரைகளாகக் கொடுத்தார். ஒரு ஜோடி சராசரியாக 3.8 ஹெக்டேரைத் தன் வீடாக வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே சுற்றியது. தின்றதில் பெரும்பங்கு நத்தை. வேரைத் தேடி மலையேறும் பறவைக்கு, பத்து ஏக்கருக்கு அப்பால் வேலையே இருக்கவில்லை!

கூட்டைக் கவனித்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். இலையும் சுள்ளியும் கொண்டு, பக்கவாட்டில் வாசல் வைத்து, பந்து மாதிரி பெரிய கூடு. கட்டி முடிக்கச் சில நாட்கள் முதல் ஒரு வாரம்வரை. பெரும்பாலும் கட்டியது ஆண். ‘சிவந்த ஆண்’ என்ற வாசிப்புக்குச் சாட்சி அதுதான். மூன்று முதல் ஐந்து முட்டைகள். பதினைந்து பதினாறு நாள் அடை. பிறக்கும் குஞ்சு கருந்தோலும் அதன்மேல் வெள்ளை மயிரிழைகளுமாக, பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். அதற்கு நத்தையும் புழுவும் பூச்சியும் ஊட்டி மூன்று வாரத்தில் கூட்டை விட்டு இறக்கினார்கள். அதாவது, குயில் குடும்பத்தில் பிறந்த ஒன்று, கூடு கட்டி, அடைகாத்து, தன் பிள்ளையைத் தானே வளர்த்தது. குயிலுக்கு இது அடுக்குமா?

அறிஞர்களுக்கே அடுக்கவில்லை. மரபணுக்களை ஒட்டிப் பார்த்து உறவு கணக்கிடும் புதிய முறையைக் கொண்டுவந்த சிப்ளியும் ஆல்கிஸ்டும் 1990-இல் செம்போத்து இனங்களைக் குயில் குடும்பத்திலிருந்தே வெளியேற்றித் தனிக்குடும்பம் வைத்துவிட்டார்கள். நடத்தை ஒத்துவரவில்லை, தோற்றம் ஒத்துவரவில்லை. தள்ளிவைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றியிருக்கும். பதினைந்து ஆண்டுகள் அந்தத் தனிக்குடித்தனத்தைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. அதே காலத்தில், கடல் கடந்து சுமத்ராவில், எல்லோரும் செத்துப்போனதாக நினைத்த ஒரு சொந்தக்காரர் உயிரோடு வந்து நின்றார்.

மழைக்காட்டின் ஈரத் தரையில் கோழிபோல ஓடித் திரியும் குயில்கள் உலகில் சில உண்டு. பொதிகையின் மழைக்காட்டில் அவை இல்லை. அமேசான் பக்கம் இருப்பவை படையெடுத்துப் போகும் எறும்புக் கூட்டங்களின் பின்னாலேயே நடந்து, எறும்புக்கு அஞ்சி ஓடும் பூச்சிகளைப் பொறுக்கும். சுமத்ராவின் தரைக்குயிலுக்கு இத்தாலியரான சால்வடோரி 1879-இல் பெயர் வைத்தார். அருங்காட்சியகங்களில் எட்டே எட்டு உடல்கள் சேர்ந்தன. 1916-க்குப் பிறகு அதைப் பார்த்தவர் எவரும் இல்லை. எண்பது ஆண்டுகள் கழித்து, 1997 நவம்பரில், புக்கிட் பாரிசான் செலாத்தான் தேசியப் பூங்காவில் அது மறுபடி தென்பட்டது. 2006-இல் காட்டுக்குள் வைத்த தானியங்கிக் கேமரா ஒன்று அதைப் படமும் எடுத்தது. நடராஜன் செம்போத்தின் இனப்பெருக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்ததும் அதே 1997-இல்தான். நடந்து திரியும் இரண்டு குயில் உறவினர்கள் ஒரே ஆண்டில் செய்தியானார்கள். ஒருவரைப் பார்க்க எண்பது ஆண்டுகள் பிடித்தது, இன்னொருவரைப் பார்க்கக் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் போதுமாயிருந்தது.

வழக்கின் தீர்ப்பு 2005-இல் வந்தது. பெய்னும் சோரன்சனும் உலகக் குயில்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு ஒரு வம்ச மரம் வரைந்தார்கள். செம்போத்து குடும்பத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, தனிக்குடித்தனம் ரத்து. சுமத்ராவின் தரைக்குயிலுக்கு மிக நெருங்கிய சொந்தம், இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில், மடகாஸ்கரில் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி வேறு. உலகின் ஏறக்குறைய 150 வகைக் குயில்களில், பிறர் கூட்டில் முட்டையிடுபவை 60-ஐத் தொடவில்லை. அந்தக் கெட்ட பழக்கமும் ஆதியிலிருந்து வந்ததல்ல. மூன்று கிளைகளில், தனித்தனியாக, பிற்பாடு முளைத்தது. ஆதிக் குயில்கள் கூடு கட்டின. குடும்பத்துக்கு அடங்காத பிள்ளை என்று இருநூறு ஆண்டுகளாகச் சந்தேகிக்கப்பட்ட செம்போத்துதான் பரம்பரை வழக்கத்தை விடாமல் வைத்திருந்தது. வழிமாறிப் போனது மாமரத்தில் உட்கார்ந்து எல்லோரிடமும் பேர் வாங்கிக்கொண்டிருந்த குயில்.

சஞ்சீவி வேருக்கு ஆசைப்பட்டுக் கூட்டைக் கலைத்தவர்கள் இதற்குள் அநேகமாக ஓய்ந்துபோயிருந்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கறிமருந்துக்காரர்களுக்கும் தடை போட்டிருந்தது. ஆனால் தென்னிந்தியாவில் செம்போத்தின் முட்டைகளைக் கணக்கெடுத்தபோது, 77 சதவீதம்தான் பொரித்தன. பறக்கும் பருவத்தை எட்டியவை 67 சதவீதம். மிச்சத்தைத் திருடியவர்களின் பட்டியலில் பழைய பெயர் ஒன்று இருந்தது. துரைமார்கள் செம்போத்துக்கு இரவல் கொடுத்த பெயரின் சொந்தக்காரர்: காக்கை. கூடே கட்டாத குயிலின் பிள்ளைக்கு வாயில் வாயில் ஊட்டி வளர்த்த அதே காக்கைதான், வாசல் வைத்துக் கூடு கட்டிய செம்போத்தின் வீட்டில் புகுந்து முட்டையைக் கொத்திக்கொண்டு போனது.